டீசல் பேரல் எந்த ஊரில் நிற்க வேண்டும்?

கேள்வி: "நாங்கள் ஐந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து உழவர் குழு நடத்துகிறோம். 4 டிராக்டர், ரோட்டாவேட்டர், கேஜ் வீல் எல்லாம் குழுவுக்குச் சொந்தம். உறுப்பினர்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறோம். இதுவரை வண்டிகள் ஆளுக்கொரு இடத்தில் நின்றன. இனி எல்லாவற்றையும் ஒரே ஷெட்டில் நிறுத்தி, டீசல் பேரலையும் அங்கேயே வைக்கலாம் என்று முடிவு செய்தோம். எந்த ஊரில் என்பதில்தான் தகராறு. பெரிய ஊரில் ஒருவர் வாடகை இல்லாமல் இடம் தருகிறார். சிலர் 'நடுவில் இருக்கிற ஊர்தான் நியாயம்' என்கிறார்கள். கடைமடை ஊர்க்காரர்களோ, 'வாய்க்கால் தண்ணீரும் எங்களுக்குக் கடைசி, டிராக்டரும் கடைசியா? அப்படியென்றால் நாங்கள் பிரிந்துகொள்கிறோம்' என்று எழுந்து போய்விட்டார்கள். இதற்குக் கணக்குப்படி ஒரு வழி உண்டா? ஊர்களுக்கு இடையே உள்ள தூரம், போன சம்பாவில் ஓடிய நடை எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறோம்."

- திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஓர் உழவர் குழு

பதில்: கணக்குப்படி வழி உண்டு. அதைவிட நல்ல செய்தி, கணக்குக்கு வேண்டிய விவரம் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தூரமும் நடையும் குறித்து வைத்திருக்கிற குழுக்கள் குறைவு. 'எங்க ஊருக்குத்தான் வண்டி அதிகம் வரும்' என்று வாயால் சொல்வார்களே தவிர, நோட்டில் இருக்காது.

சண்டை இருக்கும்போது ஊர்ப் பெயரை அச்சில் போட வேண்டாம் என்பதால் நான் வேறு பெயர் வைத்துக்கொள்கிறேன். ஆற்றுப் பாலத்துக்கு அருகில் இருக்கும் பெரிய ஊர், பாலத்து ஊர். அங்கிருந்து கிழக்கே 3 கிலோமீட்டரில் கோயில் ஊர். இன்னும் 2 கிலோமீட்டரில் பள்ளிக்கூட ஊர். அதற்கும் கிழக்கே 4 கிலோமீட்டரில், வாய்க்கால் முடிகிற இடத்தில் கடைமடை ஊர். இந்த நான்கும் ஒரே ரோட்டில் வரிசையாக இருக்கின்றன. ஆலமரத்து ஊர் மட்டும் தனி. கோயில் ஊரில் தெற்கே பிரிகிற ரோட்டில் 3 கிலோமீட்டர் போக வேண்டும். ஆலமரத்து ஊரிலிருந்து கடைமடைக்குக் குறுக்கே ஒரு கரைப் பாதை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சேற்றுழவு நேரத்தில் அதில் டிராக்டர் போகாது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். எனவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி நடை. காலையில் ஷெட்டைவிட்டு ஒரு ஊருக்குப் போய், வேலை முடித்து மாலையில் திரும்புவது ஒரு நடை. போன சம்பாவில் பாலத்து ஊருக்கு 60, கோயில் ஊருக்கு 30, பள்ளிக்கூட ஊருக்கு 40, ஆலமரத்து ஊருக்கு 25, கடைமடைக்கு 45. மொத்தம் 200 நடை.

இப்போது ஷெட் பாலத்து ஊரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் நடைக்கு ரோட்டு ஓட்டம் இல்லை. கோயில் ஊருக்கு 30 நடை, 3 கிலோமீட்டர்: 90. பள்ளிக்கூட ஊருக்கு 40 நடை, 5 கிலோமீட்டர்: 200. ஆலமரத்து ஊருக்கு 25 நடை, 6 கிலோமீட்டர்: 150. கடைமடைக்கு 45 நடை, 9 கிலோமீட்டர்: 405. கூட்டினால் 845 கிலோமீட்டர். இது போகிற தூரம் மட்டும். இதே மாதிரி ஷெட்டை ஒவ்வொரு ஊராக மாற்றி வைத்துப் பார்த்தால் வருவது இது:

பாலத்து ஊர் - 845
கோயில் ஊர் - 605
பள்ளிக்கூட ஊர் - 665
ஆலமரத்து ஊர் - 1,055
கடைமடை ஊர் - 1,105

கோயில் ஊர்தான் குறைவு. ஐந்து ஊரில் நடை குறைந்த இரண்டு ஊர்களில் அது ஒன்று. ஷெட் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதாகக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. தூரத்தை வைத்து 'நடு' பார்த்தவர்கள் பள்ளிக்கூட ஊரைச் சொல்லியிருக்கிறார்கள். பாலத்து ஊரிலிருந்து கடைமடை வரை 9 கிலோமீட்டர், அதில் பாதி நாலரை, அதற்குக் கிட்டத்தில் இருப்பது பள்ளிக்கூட ஊர். ஆனால் டீசல் செலவுக்கு வேண்டியது ரோட்டின் நடு இல்லை, நடையின் நடு. இரண்டும் வேறு.

நடையின் நடுவைக் கண்டுபிடிக்க இவ்வளவு பெருக்கல்கூட வேண்டாம். ரோட்டில் ஓர் ஊரில் நின்றுகொண்டு, அங்கிருந்து பிரிகிற ஒவ்வொரு பக்கத்திலும் மொத்தம் எத்தனை நடை என்று கூட்டுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் மொத்தத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம் அடுத்த ஊருக்கு நகருங்கள். எந்தப் பக்கத்திலும் பாதிக்கு மேல் இல்லை என்றால் அங்கேயே நில்லுங்கள், அதுதான் இடம். பாலத்து ஊரில் நின்றால் கிழக்கே 140 நடை இருக்கிறது. பாதியான 100-ஐத் தாண்டிவிட்டது, நகருங்கள். கோயில் ஊரில் நின்றால் மேற்கே 60, தெற்கே 25, கிழக்கே 85. எதுவும் 100-ஐத் தாண்டவில்லை. முடிந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். கோயில் ஊரிலிருந்து ஷெட்டைக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளினால், கிழக்கே இருக்கிற 85 நடைக்கு ஒரு கிலோமீட்டர் மிச்சம். மீதி 115 நடைக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதல். ஆக, ஒரு கிலோமீட்டர் நகர்த்த 30 கிலோமீட்டர் நட்டம். பள்ளிக்கூட ஊர் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, 60 கிலோமீட்டர் நட்டம். மேலே உள்ள 605, 665 என்ற எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இந்த விதியில் தூரம் எவ்வளவு என்பதே வரவில்லை, கவனித்தீர்களா? கடைமடை ஊர் 4 கிலோமீட்டரில் இருந்தாலும் 14 கிலோமீட்டரில் இருந்தாலும் இடம் மாறாது, நடை மாறினால்தான் மாறும். கேட்பதற்கு இது தவறு போலத் தோன்றும். ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரோடு கிளை கிளையாகப் பிரிந்து போகிற இடத்துக்குத்தான் இந்த விதி. சுற்றி வந்து சேருகிற ரோடு இருந்தால் விதி பொருந்தாது, முன்னால் செய்ததைப்போல ஊர் ஊராகப் பெருக்கிக் கூட்டத்தான் வேண்டும். அப்போதும் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு மைல் கல்லையும் சோதிக்க வேண்டியதில்லை. ஊர்களையும் ரோடு பிரிகிற முனைகளையும் மட்டும் பார்த்தால் போதும், அவற்றில் ஒன்றுக்குக் கட்டாயம் குறைந்த செலவு வந்துவிடும் என்று ஹக்கீமி என்பவர் 1964-ல் நிரூபித்திருக்கிறார்.

கிளை ரோட்டுக்கான பாதி விதிக்கும் உழவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. சீனாவில் ஹுவா லோகெங் என்று ஒரு கணித அறிஞர். 1910-ல் பிறந்தவர். சிறு வயதில் அப்பாவின் சின்னக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர், பட்டம் எதுவும் வாங்காதவர். பிறகு அவர் உலகறிந்த கணித மேதை ஆனார். 1960-களின் தொடக்கத்தில் அவரும் அவருடன் இருந்தவர்களும் கோதுமை அறுவடைக்குக் கணக்கு போட்டார்கள். பல வயல்களில் கோதுமை விளைந்து கிடக்கிறது, ஒவ்வொரு வயலிலும் விளைச்சல் வேறு வேறு. கதிரடிக்கும் களத்தை எங்கே போட்டால் சுமக்கிற வேலை குறையும் என்பதுதான் கேள்வி. களத்துக்குக் கதிர் வருகிறது, உங்கள் ஷெட்டிலிருந்து டீசலும் டிராக்டரும் போகிறது. திசைதான் வேறு, கணக்கு ஒன்று. அப்போது அவர்கள் எழுதி வைத்த வழியில்தான் இப்போது உங்கள் ஷெட்டுக்கு இடம் பார்த்தோம்.

எண்ணெய் நிறுவனங்களும் இதைத்தான் பெரிய அளவில் செய்கின்றன. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் குழாய் வழியே எரிபொருள் வருகிறது. அங்கே கிடங்கில் இறக்கி, டேங்கர் லாரியில் பங்க் பங்காக அனுப்புகிறார்கள். கிடங்கு எங்கே இருக்க வேண்டும், எந்தப் பங்குக்கு எந்தக் கிடங்கிலிருந்து லாரி போக வேண்டும் என்பதில் பிசகினால் லாரி ஆண்டு முழுக்க வீணாக ஓடும். 50 இடங்களில் 5 இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் 21 லட்சத்து 18 ஆயிரத்து 760 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ஐந்து ஊருக்கு ஒரு பென்சில் போதும்.

கணக்கை நம்பாதவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்குக் கண்ணால் காட்ட ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு பலகையில் ஊர்களின் வரைபடத்தை ஒட்டுங்கள். ஒவ்வொரு ஊர் இருக்கிற இடத்திலும் வழவழப்பாக ஒரு துளை போடுங்கள். ஐந்து நூலை ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மறுமுனைகளைத் துளைகளில் விட்டுக் கீழே தொங்கவிடுங்கள். 5 நடைக்கு ஒரு வாஷர் என்று வைத்து, பாலத்து ஊர் நூலில் 12, கோயில் ஊரில் 6, பள்ளிக்கூட ஊரில் 8, ஆலமரத்து ஊரில் 5, கடைமடையில் 9 வாஷரைக் கட்டுங்கள். பலகையை லேசாகத் தட்டினால் முடிச்சு இழுபட்டு நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அந்த இடம்தான் நேர்க்கோட்டுத் தூரத்துக்குச் செலவு குறைந்த இடம். பிரான்ஸைச் சேர்ந்த வாரிஞோன் என்பவர் பெயரால் இந்தப் பலகையைச் சொல்வார்கள். தொழிற்சாலையை எங்கே வைப்பது என்று 1909-ல் ஆல்ஃபிரட் வெபர் ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகம் எழுதினார், அதன் பின்னிணைப்பிலும் இந்த வழி இருக்கிறது. முடிச்சு யார் தலைவர், யார் பொருளாளர் என்று பார்க்காது என்பதால் கூட்டத்தில் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் அது ஆற்றையும் வாய்க்காலையும் பார்க்காது, நடு ஏரியில்கூட நிற்கும். எனவே பலகை பேச்சைத் தொடங்குவதற்கு மட்டும், முடிவு ரோட்டுக் கணக்கில்தான்.

அடுத்து 'சும்மா கிடைக்கிற இடம்'. இதில்தான் பல குழுக்கள் வழுக்கி விழுகின்றன. ரோட்டில் ரோட்டாவேட்டரோடு போனால் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று உங்கள் டிரைவர் சொல்லியிருக்கிறார். குறுவைக்கும் இதே அளவு நடை என்கிறீர்கள். ஆகவே போக வர இரண்டு மடங்கு, இரண்டு போகத்துக்கு இன்னும் இரண்டு மடங்கு, மொத்தம் 4 மடங்கு. அதை 4-ஆல் வகுத்தால் லிட்டர். அதாவது மேலே இருக்கிற பட்டியலின் எண்ணே ஆண்டுக்கு எத்தனை லிட்டர் என்பதாகிவிடுகிறது. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பாலத்து ஊரில் 845 லிட்டர், 76,050 ரூபாய். வாடகை இல்லை. கோயில் ஊரில் 605 லிட்டர், 54,450 ரூபாய். அங்கே பழைய ரைஸ் மில் ஷெட்டுக்கு மாதம் 1,200 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆண்டுக்கு 14,400. மொத்தம் 68,850. பள்ளிக்கூட ஊரில் 665 லிட்டர், 59,850 ரூபாய். மாதம் 1,000 வாடகையில் ஆண்டுக்கு 12,000. மொத்தம் 71,850. இலவச இடத்தில்தான் ஆண்டுக்கு 7,200 ரூபாய் கூடுதல் செலவு. அதுவும் வயலில் ஓடாமல் ரோட்டில் எரிகிற டீசல். இடம் தருகிறவர் நல்ல மனதோடுதான் தருகிறார். அவரிடம் இந்தக் கணக்கைத் தனியாக உட்கார்ந்து காட்டுங்கள், கூட்டத்தில் வைத்து வேண்டாம்.

'போன வருஷ நடையை வைத்துப் போட்ட கணக்கு, அடுத்த வருஷம் மாறாதா?' மாறும். ஆனால் விடை அவ்வளவு சீக்கிரம் மாறாது. மற்ற ஊர்களில் நடை அப்படியே இருக்க, கடைமடையில் மட்டும் 45 நடை 75-ஐத் தாண்டினால்தான் குறைந்த ஓட்டத்துக்கான இடம் பள்ளிக்கூட ஊருக்கு நகரும். ஐந்து பத்து நடை முன்னே பின்னே இருப்பதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

சரி, கடைமடை ஊர்க்காரர்களுக்கு என்ன பதில்? மொத்தச் செலவு குறைந்தால் போதும் என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் எழுந்து போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள். கோயில் ஊரில் ஷெட் வைத்தால் அவர்களுக்கு 6 கிலோமீட்டர். மற்ற எந்த ஊருக்கும் 3-க்கு மேல் இல்லை. அவர்கள் கேட்பது வேறு கணக்கு: மிகத் தூரத்தில் இருப்பவருக்குத் தூரம் எவ்வளவு குறைகிறது? அந்தக் கணக்கில் பள்ளிக்கூட ஊர்தான் முதலிடம். அங்கே வைத்தால் யாருக்கும் 5 கிலோமீட்டருக்கு மேல் இல்லை, கடைமடைக்கு 4. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி நிறுத்த இடம் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 'நடு ஊர்தான் நியாயம்' என்று சொன்னவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதும் தவறில்லை. இரண்டு நியாயத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 3,000 ரூபாய். இரண்டில் ஒன்றுதான் என்றால், ஒரு ஊரே பிரிந்து போகாமல் இருக்க அந்த 3,000 ரூபாயைக் கொடுத்துப் பள்ளிக்கூட ஊரில் வைத்துவிடலாம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் இரண்டில் ஒன்று என்று ஏன் இருக்க வேண்டும்? ஒரே இடம் என்று முடிவு செய்துவிட்டு எந்த இடம் என்று சண்டை போடுகிறீர்கள். அந்த முதல் முடிவையே கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். இரண்டு இடம் என்றால் எந்த இரண்டு? ஜோடி ஜோடியாகப் போட்டுப் பார்த்தேன். கோயில் ஊரும் கடைமடையும் சேர்ந்தால் ஓட்டம் 605-லிருந்து 335 ஆகக் குறைகிறது. அதற்கு அடுத்து நிற்பது பாலத்து ஊரும் பள்ளிக்கூட ஊரும், 365. முதல் ஜோடிதான் நமக்கு.

நடைமுறையில் இதன் பொருள், கடைமடையில் இன்னொரு ஷெட் கட்டுவது இல்லை. சேற்றுழவு தொடங்கும்போது ஒரு டிராக்டரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள், வேலை முடிந்ததும் திரும்பட்டும். ஒரு போகத்துக்கு 45 நடை, அதாவது ஒரு வண்டிக்கு 45 நாள் வேலை அங்கேயே இருக்கிறது. கூடவே 200 லிட்டர் பேரல் ஒன்று. சேற்றில் நாளொன்றுக்கு 40 லிட்டர் பிடிக்கும் என்றால் 5 நாளைக்கு வரும். 45 நாளில் 9 தடவை கோயில் ஊரிலிருந்து டிரெய்லரில் நிரப்பிக் கொண்டுவர வேண்டும்.

வரவு செலவு பாருங்கள். கடைமடைக்கு 45 நடை தினமும் போய் வருவது நிற்பதால் ஆண்டுக்கு 270 லிட்டர் மிச்சம், 24,300 ரூபாய். பேரல் கொண்டுபோக 9 நடை, போக வர 12 கிலோமீட்டர், இரண்டு போகத்துக்கு 216 கிலோமீட்டர், 54 லிட்டர், 4,860 ரூபாய். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தித் திரும்ப எடுத்துவர இரண்டு போகத்துக்கும் 6 லிட்டர், 540 ரூபாய். அங்கே ஒருவர் வீட்டுக் கொட்டகைக்கு மாதம் 500 வீதம் 4 மாதம், 2,000 ரூபாய். எல்லாம் போக 16,900 ரூபாய் கையில் நிற்கிறது. ரைஸ் மில் ஷெட்டுக்கு ஆண்டு முழுக்கக் கொடுக்கிற 14,400 வாடகை அதிலேயே அடங்கிவிடும். இன்னொன்று, கேஜ் வீலை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்ட முடியாது. தினமும் கழற்றி, ஏற்றி, போன இடத்தில் மறுபடி மாட்டுகிற வேலையும் கடைமடை வண்டிக்கு மிச்சமாகும். அந்த நேரத்தை நான் ரூபாயாகப் போடவில்லை.

எழுந்து போனவர்களிடம் இதைக் கொண்டுபோங்கள். தண்ணீர் கடைசியில் வருவதை உங்கள் குழுவால் மாற்ற முடியாது. தண்ணீர் வந்த அன்று வண்டி அவர்கள் ஊரிலேயே நிற்கும்படி செய்ய முடியும்.

இடம் முடிவான பிறகு பேரலைப் பற்றிச் சில விஷயம். 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பு. ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் போகாமல், எந்த ஒரு கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் சேமிப்பதற்கு அந்தச் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. உங்கள் தேவை இதற்குள் அடங்கும். ஆனால் அது குழுவின் வண்டிக்கு ஊற்றுவதற்குத்தான். உறுப்பினரின் மோட்டார் என்ஜினுக்கு ஒரு கேன் கொடுத்துக் காசு வாங்கினால் அது விற்பனை. அதற்கு இந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். பேரலில் ஊற்றித் தருவார்களா, பில் எப்படிப் போடுவார்கள் என்பதை வழக்கமாக வாங்குகிற பங்கில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டீசல் லேசில் பற்றாது என்று ஒரு தைரியம் ஊரில் உண்டு. நம் நாட்டுத் தர அளவுப்படி டீசலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 35 டிகிரி என்பது காலை பத்து மணிக் கதை. எனவே நிழல், காற்றோட்டம், பக்கத்தில் மணல் வாளி. வைக்கோல் போர், அடுப்பு, வெல்டிங் வேலை எதுவும் கிட்டத்தில் வேண்டாம்.

பேரலைப் படுக்கவைத்துக் குழாய் மாட்டினால், குழாய் இருக்கிற பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும். தண்ணீரும் கசடும் பின்பக்கம் தங்கும், வண்டிக்குப் போகாது. டிரெய்லரில் குலுங்கி வந்த பேரலை ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். கடைமடைப் பேரல் தீர்வதற்கு முதல் நாளே அடுத்தது வந்துவிட வேண்டும் என்பது இதனால்தான். ஆக, அங்கே இரண்டு பேரல் சுற்றில் இருப்பது நல்லது.

உங்கள் பகுதிக்கு இன்னொரு விஷயம் முக்கியம். டீசல் தண்ணீரைவிட லேசு. நிரம்பிய பேரல்கூட வெள்ளத்தில் மிதக்கும், கால் பேரல் என்றால் கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறுகிற தாழ்வான இடம் என்றால் கணக்கு எவ்வளவு சாதகமாக இருந்தாலும் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ரைஸ் மில் ஷெட்டின் தரை ரோட்டைவிட உயரமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வாடகைப் பேச்சுக்கு முன்னால் அதைப் பாருங்கள். பழைய வெள்ளத்தின் கறை சுவரில் இருக்கும்.

கேள்வி: "இரண்டு ஊருக்கு இடையே உள்ள தூரத்தை செல்போன் வரைபடத்தில் பார்த்து எழுதிக்கொண்டால் போதாதா?"

- தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

பதில்: தோராயத்துக்குப் போதும். போன் காட்டுகிற குறுக்குவழி ஒற்றையடி வரப்பாக இருக்கலாம், அதன் மதகு டிராக்டர் பாரத்தைத் தாங்காமல் இருக்கலாம். பைக்கில் ஒரு முறை போய் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அடைபடுகிற பாதை என்றால் கோடைக்கு ஒரு தூரம், மழைக்கு ஒரு தூரம் என்று இரண்டாக எழுதுங்கள். சேற்றுழவு எந்தக் காலத்தில் நடக்கிறதோ அந்தக் காலத்துத் தூரம்தான் கணக்குக்கு.

கேள்வி: "பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் கருவிக்குப் பெட்ரோல் தேவைப்படுகிறது. டீசல் பேரலோடு ஒரு கேன் பெட்ரோலும் வைத்துக்கொள்ளலாமா?"

- மயிலாடுதுறை மாவட்ட வாசகி

பதில்: டீசலோடு சேர்த்து வைக்காதீர்கள், அம்மா. பெட்ரோல் 'ஏ' வகுப்பு. அதன் ஆவி மார்கழிக் குளிரிலும் பற்றும். விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு என்றால் மொத்தம் 30 லிட்டருக்குள், இறுக மூடிய உலோகக் கலன் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேல் போகாமல் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. கண்ணாடி, பீங்கான் கலன் என்றால் ஒரு லிட்டருக்குள். நாம் எல்லோரும் கையில் தூக்கிக்கொண்டு அலைகிற பிளாஸ்டிக் கேன் அந்தப் பட்டியலில் இல்லை. தேவை ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர்தான் என்றால் இருப்பு வைக்காமல் அன்றன்றைக்கு வாங்கிக்கொள்வது மேல். பிள்ளைகள் படுக்கிற வீட்டுக்குள் மட்டும் வேண்டவே வேண்டாம்.